ஞாயிற்றுக்கிழமைத் தலை

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மயிலானந்தனுக்கு ஹெல்மெட் நுழையவில்லை.

சனிக்கிழமை காலையில் தடையில்லாமல் இறங்கிய அதே ஹெல்மெட்தான். ஞாயிறு விடிந்ததும் காதுக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் நின்றுகொள்ளும். அழுத்தினால் பின்மண்டை விண்ணென்று தெறிக்கும். திங்களன்று கொஞ்சம் இளகிக் கொடுக்கும். செவ்வாய்க்கிழமை ஒன்றுமே நடக்காததுபோல் பழையபடி இறங்கிவிடும்.

மயிலானந்தன் கோவையில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையில் அளவு பார்க்கும் இன்ஸ்பெக்டர். லேத்திலிருந்து வரும் ஷாஃப்ட் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடியிருந்தாலும் சிவப்பு மை வைத்துத் திருப்பி அனுப்புகிறவன். அப்படிப்பட்டவன் ஹெல்மெட்டைச் சும்மா விடுவானா? பெரிய காலிப்பர் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, நெற்றியிலிருந்து பின்மண்டை வரை தன் தலையை அளந்தான். சனி காலை நூற்று எண்பத்து நான்கு மில்லிமீட்டர். ஞாயிறு காலை நூற்று எண்பத்தைந்தரை. செவ்வாயன்று மறுபடி நூற்று எண்பத்து நான்கு, கூடவே ஒரு துளி.

அந்தத் துளியைத்தான் அவன் நோட்டில் சிவப்பு மையால் குறித்துவைத்தான். வீங்கியது வடிந்துவிடுகிறது, ஆனால் முழுதாக வடியவில்லை. வாராவாரம் ஒரு துளி தங்கிவிடுகிறது.

இயந்திரம் பழுதானால் ஒவ்வொரு காரணமாகக் கழித்துப் பார்ப்பது அவனுக்குப் பழக்கம். சனிக்கிழமை மத்தியானம் தின்கிற கறிக்குழம்பா? ஒரு வாரம் நிறுத்தினான். தலையணையா? மாற்றினான். சனியன்று பகலில் தூங்குவதாலா? தூங்காமல் உட்கார்ந்திருந்தான். ஞாயிறு காலை ஹெல்மெட் அதே இடத்தில் நின்றது.

வேறு ஒருவனுக்கு இது வேடிக்கையாகக்கூட இருந்திருக்கும். மயிலானந்தனுக்குப் பயப்படக் காரணம் இருந்தது. அவனுடைய பின்மண்டையின் இடப்பக்கம் அவனோடு பிறந்தது அல்ல.

பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பெயர் ‘சப்பட்டை’. கைக்குழந்தையாக இருந்தபோது ஒரே பக்கம் படுக்க வைத்ததால் இடப்பக்கப் பின்மண்டை பலகைபோல் தட்டையாகிவிட்டது. சலூனில் பின்னால் கண்ணாடி காட்டும்போது கண்ணை மூடிக்கொள்வான். பெண் பார்க்கப் போன இரண்டு இடங்களில் காரணம் சொல்லாமல் தட்டிக் கழித்தார்கள். காரணம் தலைதான் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டு டாக்டர் ரெபேக்கா தனராஜின் மருத்துவமனைக்குப் போனான்.

“எவ்வளவு உருண்டையா வேணும்?” என்று கேட்டார் டாக்டர்.

“முழுசாங்க.”

“முழுசுன்னு ஒண்ணு கிடையாது மயிலானந்தன். தலைத்தோலை அளவா தச்ச தலையணை உறைன்னு வெச்சுக்கங்க. உள்ள பஞ்சை அடைக்க அடைக்க உறை இறுகும். ஒரேயடியா ஏழு மில்லிமீட்டருக்கு மேல ஏத்தினா தோலுக்கு ரத்தம் போகாது. முடி கொட்டும், தையல் பிரியும். எலும்புச் சிமெண்ட் வெச்சா அந்த ஏழோட சரி. ஆனா ஆயுசுக்கும் அசையாது.”

“ஏழு பத்தாதுங்களே.”

“இன்னொரு வழி இருக்கு. உங்க எலும்புல இருந்தே செல் எடுத்து வளர்த்து, மெல்லிசா ஒரு தகடு செஞ்சு வெப்போம். அந்தச் செல்லுக்குள்ள ஒரு சுவிட்ச் இருக்கு. நாப்பத்திரண்டு டிகிரி சூடு பத்து நிமிஷம் விடாம இருந்தா சுவிட்ச் விழும். செல் முழிச்சுக்கிட்டு எலும்பு கட்டும். சூடு ஆறினா தூங்கிடும். மாசம் ரெண்டு தடவை இங்க வந்து சூட்டுத் தொப்பி மாட்டிக்கணும். எலும்பு மெதுவா வளர்றதால தோலும் கூடவே வளரும். பதினாலு மில்லிமீட்டர் வரைக்கும் போகலாம்.”

“காய்ச்சல் வந்தா?”

“நல்ல கேள்வி. காய்ச்சல் நாப்பதைத் தாண்டுறது அபூர்வம். அதுக்காகத்தான் நாப்பத்திரண்டுல வெச்சிருக்கு.”

“அப்ப இதுதாங்க எனக்கு.”

“முழுசாக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. சிமெண்ட் செத்த பொருள், வெச்ச இடத்துல இருக்கும். இது உசுருள்ளது. தழும்பு இருக்கும். அந்த இடம் கொஞ்சம் மரத்துப் போகும். இவ்வளவும் பட்டப்புறம், அந்த வித்தியாசம் உங்க ஒருத்தர் கண்ணுக்குத்தான் தெரியும்.”

கடைசி வாக்கியத்தை மயிலானந்தன் காதில் வாங்கவே இல்லை. ஒரு வருஷத்தில் பதினாலு மில்லிமீட்டரும் வந்து சேர்ந்தது. கண்ணாடியில் பின்மண்டை மாம்பழம்போல் இருந்தது. அடுத்த வருஷம் கோகிலவாணியைப் பார்த்தார்கள், பிடித்துப்போனது, கல்யாணமும் ஆனது. தழும்பைப் பற்றி மாமனார் கேட்டபோது “பைக்கில விழுந்ததுங்க மாமா” என்று சொல்லிவிட்டான். ஒருமுறை சொன்ன பிறகு அதை மாற்றுவதற்குச் சரியான நாள் வரவே இல்லை.

கல்யாணமாகி ஆறாவது மாதம் கண்ணில் மின்னல் வெட்ட ஆரம்பித்தது. அளவுகோலின் வலப்பக்கத்து எண் ஒரு கணம் காணாமல் போய்த் திரும்பி வரும். அன்றைக்கே லீவு போட்டுவிட்டு, வீட்டில் சொல்லாமல் டாக்டரிடம் ஓடினான்.

ரெபேக்கா தனராஜ் ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டி, ஒரே இடத்தை இரண்டு தடவை அளந்து பார்த்தார். 

“வெளிப்பக்கம் தோல் இறுகி நிக்குது. இனிமே அங்க வளர இடமில்லை,” என்றார் கடைசியில். “தகடு பிடிச்சு நிக்கறதுக்காக உங்க பழைய மண்டையோட்டுல சின்னச் சின்னத் துளை போட்டோமே, அது வழியா எலும்பு உள்ளே இறங்குது. மூணு மில்லிமீட்டர் இறங்கியிருக்கு.”

“உள்ளேன்னா?”

“மூளைப் பக்கம். கண்ணு முகத்துல இருந்தாலும், பாத்தது என்னன்னு புரிஞ்சுக்கற இடம் பின்மண்டைலதான் இருக்கு. இடப்பக்கப் பின்மண்டை உலகத்தோட வலப்பாதியைப் பாக்கும். அதைத்தான் எலும்பு அழுத்துது. இன்னும் ஒண்ணு ஒண்ணரை மில்லிமீட்டர் இறங்கினா, போன பார்வை திரும்பாது.”

“இப்பவே வெட்டி எடுத்துருங்க டாக்டர்.”

“செல் முழிச்சிருக்கறப்ப வெட்டினா, துளைக்குள்ள மிச்சமிருக்கறது முன்னைவிட வேகமா வளரும். முதல்ல அது தூங்கணும். முழிக்கறப்ப தோல் வீங்கி ரெண்டு நாள்ல வடியும், கட்டின எலும்பு மட்டும் தங்கிடும். இது தானா முழிக்காது. உங்க ஹெல்மெட் கணக்கைப் பாத்தா, வாராவாரம் யாரோ சுவிட்ச் போடறாங்க.” டாக்டர் ஒரு பட்டியலை எடுத்துவைத்துக் கேட்க ஆரம்பித்தார். “ஹேர் டிரையர்?”

“இல்லீங்க.”

“நீராவிக் குளியல்? சவுனா?”

“அதெல்லாம் நமக்கெங்கீங்க.”

“குளிக்கறது வெந்நீரா?”

“தினமும் பச்சத் தண்ணிதானுங்க.”

“ஃபவுண்டரிப் பக்கம் போறீங்களா? வெயில்ல ஹெல்மெட்டோட ரொம்ப நேரம்?”

“ஏசி ரூம்ல உக்காந்து அளவு பாக்கறனுங்க. தலையைச் சூடு பண்ற மாதிரி நான் எதுவுமே செய்யறதில்லீங்க டாக்டர்.”

அவன் பொய் சொல்லவில்லை. மனமறிந்து உண்மையைத்தான் சொன்னான்.

“வீட்ல யாராவது கூட இருந்து கவனிச்சாத் தெரியும். உங்க மிஸஸ்க்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க. தெரியவும் வேண்டாங்க.”

டாக்டர் அவனை ஒரு பார்வை பார்த்தார். “பத்து நாள் டைம் தர்றேன். கண்டுபிடிங்க.”

யாரோ சுவிட்ச் போடுகிறார்கள். அந்த வார்த்தை மயிலானந்தனோடு வீட்டுக்கு வந்தது. அடுப்பைக் கண்டால் ஒதுங்கினான். இஸ்திரிப் பெட்டி இருந்த அறைக்குள் போகவில்லை. மேலே சுற்றும் ஃபேன் மோட்டாரைக்கூடச் சந்தேகமாகப் பார்த்தான். தன் தலைக்குள் வேறு எவனோ குடியிருந்துகொண்டு, வாரத்துக்கு ஒருநாள் எழுந்து சுவர் கட்டிவிட்டுப் படுத்துக்கொள்வதுபோல் இருந்தது.

கோகிலவாணி ஒரு சாயப்பட்டறை லேபில் வேலை பார்த்தாள். கணவன் கண்ணைக் கசக்குவதையும் நெற்றியைப் பிடித்துக்கொள்வதையும் அவள் இரண்டு நாளாகக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங் மாமா, கண்ணெல்லாஞ் செவந்து கெடக்குது. தலைவலிங்களா?”

“லேசா.”

“ஒடம்புச் சூடுதானுங்க. ஏசிக்குள்ளயே உக்காந்தா உள்சூடு ஏறாம என்ன பண்ணும்? சனிக்கெழமை ஒருநா எண்ணெய் தேச்சாப் பத்தாது. புதங்கெழமையும் ஊத்திவுடறன், வாங்க.”

அந்த வீட்டில் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் தவறியதில்லை. கல்யாணமான முதல் வாரத்திலிருந்து கோகிலவாணி அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டிருந்தாள். நல்லெண்ணெயைக் காய்ச்சி, உச்சியில் வைத்து, தழும்பைச் சுற்றி வலிக்காமல் விரலை ஓட்டித் தேய்ப்பாள். பிறகு சீயக்காய், தண்ணீர், துவட்டல், சாம்பிராணி. புதன்கிழமை அவள் ஊற்றிய தண்ணீர் தலையில் விழுந்தபோது மயிலானந்தனுக்கு எத்தனையோ நாளுக்குப் பிறகு பயம் கொஞ்சம் விட்டது. பாரம் இறங்கிக் கண் குளிர்ந்ததுபோல் இருந்தது. ஒரு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கினான்.

வியாழக்கிழமை காலை ஹெல்மெட் நுழையவில்லை.

ஞாயிறு இல்லை, வியாழன்.  அது முறை தவறிவிட்டது, இனி நாள் கிழமை பார்க்காமல் வளரப்போகிறது என்றுதான் அந்தப் பயத்தில் அவனுக்குத் தோன்றியது. வேறெதையும் யோசிக்கிற நிதானம் இல்லை. ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டு கிளம்பினான். சத்தி ரோட்டில் வலப்பக்கம் திரும்பும்போது, காலியாகக் கிடந்த சாலையிலிருந்து ஒரு லாரி முளைத்தது. பிரேக் கிறீச்சிட்டது. கைப்பிடிக்கும் லாரி பம்பருக்கும் நடுவில் ஒரு சாண் இடம்.

“கண்ணு என்ன பொடனீலயா இருக்குது?” என்று தன் பின்மண்டையைத் தட்டிக் காட்டி டிரைவர் கத்தினான்.

மயிலானந்தன் பைக்கை ஓரமாக நிறுத்தினான்.  லாரி திடீரென்று வந்ததல்ல என்பது அவனுக்குத் தெரிந்தது. அவ்வளவு பெரிய லாரி அங்கேயேதான் வந்துகொண்டிருந்தது. அவனுக்குத்தான் இல்லாமல் இருந்தது.

பைக்கைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினான். அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, லேபுக்கு லீவு போட்டு வீட்டிலிருந்த கோகிலவாணி கேட்டாள்:

“பீன்ஸ் பொரியல் புடிக்கலீங்களா?”

“எங்க வெச்ச?”

அவள் சிரித்தாள். “வெளையாடறீங்களா? தட்டுலதான் இருக்குது.”

மயிலானந்தன் தட்டைப் பார்த்தான். சோறு, ரசம், அப்பளம். அவ்வளவுதான். அவள் சிரிப்பு மெல்ல நின்றது. எதிரில் குனிந்து தட்டை இரண்டு கையாலும் பிடித்து அரை வட்டம் சுற்றினாள். பச்சைப் பசேலென்று பொரியல் வந்தது. சோறும் அப்பளமும் போயிருந்தன.

“இப்ப சோறு தெரியுதுங்களா?”

அவன் கை பிசைவதற்குச் சோற்றைத் தேடிக்கொண்டிருந்தது.

“மாமா, எனக்குப் பயமா இருக்குது. என்னன்னு சொல்லிருங்க.”

சொன்னான். சப்பட்டை என்ற பெயரில் ஆரம்பித்து லாரி வரைக்கும் எதையும் விடாமல் சொன்னான். கேட்டு முடித்தபோது கோகிலவாணியின் முகத்தில் முதலில் வந்தது கோபம்.

“பைக்கில விழுந்ததுன்னு எங்கப்பாகிட்டச் சொன்னீங்க. பாவமேன்னு வாராவாரம் அந்தத் தழும்பைத் தடவித் தடவி எண்ணெய் வெச்சனே, அப்பக்கூட வாயத் தொறக்கல. நான் என்ன, உங்க மண்டையப் பாத்தா கழுத்த நீட்டுனன்?”

“பயம் புள்ள. தெரிஞ்சா வேண்டாம்னுட்டா?”

“பொண்ணுப் பாக்க வந்தப்ப எனக்கு எதுக்கால உக்காந்திருந்தீங்க. உங்க பொடனிய எனக்கெங்க தெரியும்?” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சரி, அப்பறம் பேசிக்கலாம். அந்த சுவிட்ச்சு எத்தன டிகிரின்னு சொன்னாங்க?”

“நாப்பத்திரண்டு. பத்து நிமிஷம்.”

அவள் கை அப்படியே நின்றது. பிறகு எழுந்து உள்ளே போனாள். ஹீட்டர் தண்ணீர் வாளியில் விழுகிற சத்தமும், குழாய்த் தண்ணீர் கலக்கிற சத்தமும் கேட்டன. சாய லேபில் ஒரு டிகிரி தப்பினால் ஊதா நீலமாகிவிடும். அவள் கைப்பையில் எப்போதும் ஒரு தெர்மாமீட்டர் இருக்கும். அதை வாளியில் விட்டு, பாதரசம் ஓரிடத்தில் நிற்கிறவரை காத்திருந்து படித்தாள்.

“மாமா.”

மயிலானந்தன் குளியலறை வாசலுக்கு வந்தான்.

“சனிக்கெழமை எப்புடிக் கலப்பனோ அப்புடியே கலந்தன். நாப்பத்தெட்டு இருக்குது.”

“இருந்துட்டுப் போவுது. எண்ணெய் தேச்சுக் குளிக்கறது சூட்டைத் தணிக்கத்தான புள்ள? டாக்டர் கேட்டது தலைய சூடு பண்ற சமாச்சாரத்தை.”

“குளிர்ச்சியெல்லாம் பொறவு வர்றதுங்க மாமா. தலைல விழுவறப்ப அது கொதிக்கக் கொதிக்க வெந்நீரு. எண்ணெய்ப் பசை வேற சூட்ட வெளிய உடாது. அதுக்குமேல துண்டச் சூடா நனைச்சுச் சுத்திக் கட்டறன், சாம்பிராணி போடறன். எல்லாஞ் சேத்தா இருவது நிமிசம்.” அவள் அவன் தழும்பைத் தொட்டாள். “உங்களுக்கு அந்தப் பக்கத் தோலு மரத்துப் போயிருக்குது, உறைக்கல. யாரோ சுவிட்ச்சு போடறாங்கன்னு சொன்னாங்களே, அது நாந்தானுங்க. நேத்தைக்கும் போட்டன்.”

மயிலானந்தன் குளியலறை வாசற்படியில் உட்கார்ந்தான். ஹெல்மெட் ஞாயிற்றுக்கிழமை ஏன் நுழையவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. விடை கிடைத்தால் பயம் போகும் என்று நினைத்திருந்தான், போகவில்லை. கல்யாணமானபோதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் வாரத்திலேயே இவள் கண்டுபிடித்திருப்பாள்.

ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் டாக்டர் ரெபேக்கா தனராஜ் முழுவதையும் கேட்டார்.

“எங்க பட்டியல்ல சவுனா இருக்கு. எண்ணெய்க் குளியல் இல்லை,” என்றார் தாழ்ந்த குரலில். “தகடு செய்யற கம்பெனி அனுப்பின பட்டியலை அப்படியே படிச்சிருக்கேன். எங்கம்மா எனக்கு வாராவாரம் ஊத்தி விட்டவங்கதான். எனக்குந் தோணலை.” காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. “இதே தகடு நாப்பத்தோரு பேருக்கு வெச்சிருக்கேன். அதுல ஒன்பது பேர் தலைவலின்னு வந்தாங்க. கண் டாக்டர்கிட்ட அனுப்பி வெச்சேன்.”

“அவங்க வீட்ல தெரியுங்களா?” என்று கோகிலவாணி கேட்டாள்.

“முக்காவாசிப் பேர் சொல்லாமத்தான் செஞ்சுக்கறாங்க.”

பிறகு டாக்டர் மயிலானந்தனுக்கு இருந்த வழிகளைச் சொன்னார். உள்ளே இறங்கியதை மட்டும் சீவி எடுக்கலாம். உருண்டை அப்படியே இருக்கும், ஆனால் உயிருள்ள செல்லும் கூடவே இருக்கும், ஆயுசுக்கும் அதைக் காவல் காக்க வேண்டும். அல்லது தகட்டோடு முழுதாக எடுத்துவிடலாம்.

“முழுசா எடுத்தா தலை எப்படி இருக்குங்க?”

“பழைய எலும்பையும் சுரண்ட வேண்டியிருக்கும். முன்ன இருந்ததைவிட ரெண்டு மில்லிமீட்டர் கூடவே தட்டையா இருக்கும். மறுபடி எதுவும் வெக்க முடியாது.”

மயிலானந்தன் கோகிலவாணியைப் பார்த்தான்.

“என்னைய எதுக்குப் பாக்கறீங்க? வெக்கறப்ப என்னையக் கேட்டா வெச்சீங்க?” என்றாள் அவள்.

“எடுத்துருங்க டாக்டர்,” என்றான்.

மூன்று வாரம் பச்சைத் தண்ணீரில்தான் தலை நனைந்தது. மூன்று ஞாயிறும் கோகிலவாணியே காலிப்பரைப் பிடித்தாள். அளவு அசையவில்லை. செல் தூங்கிவிட்டது என்று உறுதியானதும் அறுவை செய்தார்கள். கட்டுப் பிரித்த நாளில் டாக்டர் அவன் முகத்துக்கு நேரே விரலைப் பிடித்து வலப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போனார். தெரிகிறது, தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தவன் கடைசியில் நின்றான். ஓரத்தில் ஒரு துண்டு இருட்டாகவே இருந்தது. அது திரும்பாது என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். பைக்கை விற்றுவிட்டு அவன் பஸ்ஸில் வேலைக்குப் போக ஆரம்பித்தான். ஜன்னல் தன் இடப்பக்கம் வருகிற சீட்டாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

மற்ற நாற்பது பேருக்கும், போனில் பேசிய அன்றைக்கே டாக்டர் அவசரச் செய்தி அனுப்பியிருந்தார்: ‘தலையில் வெப்பம் படும் செயல்கள் அனைத்தையும் உடனே நிறுத்தவும்.’ முப்பத்தெட்டுப் பேர் உடனே பதில் போட்டார்கள். தாங்கள் அப்படி எதுவும் செய்வதில்லை என்றுதான் அத்தனை பேரும் எழுதியிருந்தார்கள். தலைவலிக்காரர்களில் இரண்டு பேர், சூடு தணிய எண்ணெய் தேய்த்துக் குளித்து வருவதாகவும் இப்போது தேவலை என்றும் சேர்த்திருந்தார்கள்.

அதைப் படித்துவிட்டு டாக்டர் கோகிலவாணிக்குப் போன் செய்தார். அவள் லேபில் சாயக் குறிப்பு எழுதுகிற பாணியில், ஐந்தே வரியில் வேறொன்று எழுதிக் கொடுத்தாள். டாக்டர் ஒரு வார்த்தையும் மாற்றாமல் அதை அனுப்பினார். அந்தந்த வீட்டில் தண்ணீர் ஊற்றுகிறவரிடம் பேசி முடிக்கிறவரை ஒவ்வொருவரையும் விடாமல் கூப்பிட்டார். அதற்கடுத்த மாதம் எடுத்த ஸ்கேன்களில் நாற்பது பேருக்கும் வளர்ச்சி நின்றிருந்தது. அவள் எழுதியது இதுதான்:

எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம். ஆனால் தலையில் ஊற்றும் தண்ணீர் முப்பத்தேழு டிகிரிக்கு மேல் போகக் கூடாது. கையை விட்டுப் பார்ப்பது போதாது, தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். சூட்டுத் துண்டும் சாம்பிராணியும் வேண்டாம். தலையில் என்ன வைத்திருக்கிறது என்று தண்ணீர் ஊற்றுகிறவரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும்.